பதினேழாம் நம்பர் பை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். மற்றபடி வீட்டுக்காரம்மாவைத் தவிர எல்லோருக்கும் அவர் தராசுதான். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்தவர். பழைய இரும்பு ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. இரும்புக்கு அடியில் ஈர மணலைக் கொட்டி வருவார்கள். வெறும் வண்டியை எடை போடும் நேரத்தில் ஸ்டெப்னியைக் கழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் உருட்டிவிடுவார்கள். கேபினில் போர்வையைப் போர்த்தி இரண்டு மச்சான்களைப் படுக்க வைத்திருப்பார்கள். தராசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். லாரி மேடையில் ஏறும்போது டயர் அமுங்குவதைப் பார்த்தே, "போர்வைக்குள்ள இருக்கறவங்க எழுந்து வாங்கப்பா, மூச்சு முட்டப் போகுது" என்று ஜன்னல் வழியாகச் சொல்வார். அவரை வளைக்கப் பார்த்தவர்கள்தான் வளைந்து போனார்கள். கடைசியில் எடைமேடையே கம்ப்யூட்டர் கைக்குப் போனது. ஐம்பத்தொரு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வந்து சேர்ந்த இடம் விமானப் பயிற்சி மாணவர் படையின் ஸ்டோர். பள்ளிக்கூட மைதானத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட நீள அறை. நூற்றிருபது ஜோடி பூட்ஸ், தொப்பி, பெல்ட், திசைகாட்டி, கயிறு, தூங்கும் பை எல்லாம் அங்கேதான். பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் வருவார்கள். காலையில் அணிவகுப்பு, அப்புறம் வரைபடம் படிப்பது, ரேடியோவில் பேசுவது, கயிறு ஏறுவது. வருடத்துக்கு ஒரு முறை காட்டுக்குள் கூடாரம். இதற்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருகிற பிள்ளைகள், மாதம் ஒரு ஞாயிறு கிளைடர் மைதானத்துக்குப் போக வேண்டும் என்றால் மட்டும் விடிவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். மைதானத்தின் மறுகோடியில் ஒரு வின்ச் நிற்கும். அது கம்பியைச் சுருட்ட, இந்தக் கோடியில் இருக்கும் கிளைடர் பட்டம் மாதிரி மேலே ஏறும். உயரம் போனதும் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். முதலில் பயிற்சி அதிகாரி பின்சீட்டில் இருப்பார். தேறிய பிறகு தனியாக அனுப்புவார்.

இதில் தராசுக்கு என்ன வேலை? எடைதான். முன்சீட்டில் உட்காருகிறவர் ஐம்பத்திரண்டு கிலோவாவது இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய கிளைடரிலேயே தகடு அடித்திருக்கும். குறைந்தால் வால் கனத்துவிடும். மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். கைப்பிடியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் கீழே இறங்காது. அதனால் எடை குறைந்தவர்களுக்குச் சீட்டுக்கு அடியில் ஏழு கிலோ ஈயத் தட்டு ஒன்றைத் திருகி வைப்பார்கள். பஸ் கிளம்புவதற்கு முன்னால் தராசு ஒவ்வொருவரையும் எடை போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போடுவார். மைதானத்தில் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தட்டு வேண்டுமா வேண்டாமா என்பது முடிவாகும். தராசு கையெழுத்து என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

தட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை அவரவரேதான் சுமக்க வேண்டும். உன் குறை, நீ தூக்கு என்று எந்தப் புண்ணியவானோ என்றைக்கோ ஆரம்பித்துவைத்தது. கொட்டகையிலிருந்து கிளைடர் வரை இருநூறு அடி. மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க, இரண்டு பக்கமும் நிற்கும் பிள்ளைகள் அடிக்கு ஒரு தரம் கைதட்டி எண்ணுவார்கள். வெறும் விளையாட்டு என்பார்கள். அந்த விளையாட்டை விளையாடுகிறவனுக்கு ஒருபோதும் எடை குறைவதில்லை.

அந்த வருடம் தட்டைச் சுமந்தது ஒரே ஒரு பெண். டயர் கடைக்காரரின் மகள், பதினாறு வயது. சுள்ளி உடம்பு, நாற்பத்தைந்து கிலோ. மாதத்துக்கு மாதம் நூறு கிராம் கூடினால் நூறு கிராம் குறையும். பதினொரு முறை தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினொரு முறையும் நன்றாகப் பறந்தவள். கை நிதானம் இவளுக்கு மாதிரி யாருக்கும் வராது என்று பயிற்சி அதிகாரியே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்குத் 'தட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டப்பெயரைப் பெருமையாகச் சுமந்த தராசுக்கு அவள் முகம் சுருங்குவது மட்டும் ஏனோ பொறுக்காது.

அவள் தனியாகப் பறக்க வேண்டிய ஞாயிறு வந்தது. தனியாகப் பறக்கிற நாளில் பெற்றோரை அழைப்பது வழக்கம். எப்போதும் எடைக்கு முதல் ஆளாக நிற்பவள் அன்றைக்குக் கடைசியில் நின்றாள். மேடையில் ஏறினாள். முள் ஐம்பத்திரண்டைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நின்றது.

தராசு முள்ளைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். பறக்கும்போது போடுகிற அந்த உடுப்பில் ஆறு பாக்கெட். ஆறின் ஜிப்பும் கடைசி வரை இழுத்து மூடியிருந்தது. அவள் ஏறும்போது தொடைப் பக்கம் எதுவோ மந்தமாக இடித்துக்கொண்டது. இரும்பென்றால் கணகணக்கும், கல்லென்றால் உரசும். ஈயம்தான் இப்படிச் சத்தமில்லாமல் இடிக்கும். டயர் கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, லேசான பக்கத்து விளிம்பில் சின்னச் சின்ன ஈயத் துண்டு அடிப்பார்கள், வண்டி உதறாமல் ஓடுவதற்காக. அதுதான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்னம்மா, ஒரே மாசத்துல ஏழு கிலோவா?"

"வீட்ல நல்லா சாப்பிடறேன் சார்."

அவர் பேனாவைத் திறக்கவில்லை. வரிசையில் வேறு யாரும் இல்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார். அப்பா வேலிக்கிட்ட நின்னு பாப்பாரு. அவர் முன்னாடி அதத் தூக்கிட்டு நடக்க வேண்டாம் சார்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிலோவுக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அந்த இடத்தில் வழுக்கினார். தப்பு என்று தெரிந்து வழுக்கினார் என்று சொல்வதற்கும் இல்லை. அவர் புத்தி எடைமேடைப் புத்தி. மணல் லாரியின் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, மேடைக்கு எல்லாம் ஒன்றுதான். ஈயம் சீட்டுக்கு அடியில் இருந்தாலும் ஏழு கிலோ, பாக்கெட்டில் இருந்தாலும் ஏழு கிலோ. கிளைடருக்கு எடை சேர்ந்தால் போதாதா? பிள்ளை மானமும் பிழைத்துவிடும். இப்படி ஒரு கணக்குப் போட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

"அத அப்படியே வச்சிக்க. எங்கயும் வெளிய எடுத்துடாத" என்றார். சீட்டில் 52.2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தாள்.

அடுத்தபடியாக, எல்லோருக்கும் கொடுப்பது போல அவளுக்கும் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். நம்பர் பதினேழு. கிளைடரில் ஏறுவதற்கு முன்னால் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து அந்தப் பையில் போட்டுவிட வேண்டும். ஒரு சாவியோ பேனாவோ கைப்பிடிக்கு அடியில் விழுந்து சிக்கிக்கொண்டால் ஆபத்து என்பதற்காக வைத்த விதி. பைகளைத் தைத்ததே அவருடைய வீட்டுக்காரம்மாதான். சிவப்பு நூலில் நம்பர் போட்டவளும் அவள்தான். ஏழு வருடமாக மாதா மாதம் அந்தப் பைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவர் தராசு. ஆனால் ஒரு நாள்கூட மைதானத்துக்குப் போனதில்லை, பை எதற்கு என்று யோசித்ததும் இல்லை. எடுத்துடாத என்று சொன்ன வாய் மூடுவதற்குள், எடுத்துப் போடுவதற்கான பையை அதே கை நீட்டியது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

பத்தரை மணிக்கு ஸ்டோரில் ஃபோன் அடித்தது. கிளைடர் கிளம்பிய உடனே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டது, ஒரு பக்க இறக்கை சாய்ந்தது, அப்படியே சுழன்று விழுந்தது என்றார்கள். பிள்ளை இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவர் பூட்ஸ் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும்கூட அவருக்குத் தன் கையெழுத்து நினைவுக்கு வரவில்லை. எடை சரியாக இருந்ததே, அப்புறம் எப்படி என்றுதான் நினைத்தார்.

பிற்பகலில் பஸ் திரும்பியது. மூத்த மாணவன் ஒருவன் பைகள் வைத்த பெட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். பாக்கெட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, இது இருக்கட்டுமே என்று கேட்டாளாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இவன் சொன்னானாம். அவள் வேலிப் பக்கம் ஒரு முறை பார்த்தாளாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏறினாளாம். தட்டு எங்கே என்று பயிற்சி அதிகாரி கேட்டபோது, தராசு சார் சீட்டை நீட்டினாளாம். "அதான் சார் அவ கடைசியாப் பண்ணது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்தப் பை ஏன் அவ்வளவு கனத்தது என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

தராசு கதவைச் சாத்தினார். பதினேழாம் நம்பர் பையைத் திறந்து பார்த்தார். ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு, மீதி எல்லாம் ஈயம். பழக்க தோஷம், பையைத் தூக்கித் தராசில் வைத்தார். ஏழு கிலோ இருநூறு. அந்த முள்ளைப் பார்த்த பிறகுதான் மனிதர் தரையில் உட்கார்ந்தார்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தராசையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அன்றைக்கு எடை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். முள் எவ்வளவு காட்டியது என்று கேட்டார்கள். ஐம்பத்திரண்டு, இருநூறு என்றார். எடைத் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்கள், சரியாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இதைவிடக் கேவலமான உண்மையை அவர் வாழ்நாளில் பேசியதும் கிடையாது.

வின்ச் ஓட்டுகிறவர் மட்டும் ஒன்று சொன்னார். கிளைடர் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏறும்போது வால் துடுப்பு முழுக்கக் கீழே இறங்கியிருந்தது, அப்படியென்றால் அந்தப் பெண் கடைசி வரை கைப்பிடியை முன்னால்தான் தள்ளிக்கொண்டிருந்தாள் என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து அதெல்லாம் தெரியாது என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். மாணவி பதற்றத்தில் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியதே காரணம் என்று முடிவு எழுதி, அவள் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள்.

பையை ஸ்டோரில் வைக்கப் பயந்து தராசு வீட்டுக்குக் கொண்டுபோய், பரண்மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் போட்டார். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. சொன்னால் வேலை போகும், ஜெயிலும் வரலாம். அதோடு, செத்துப்போன பிள்ளைமேல் ஏமாற்றுக்காரி என்ற பெயர் விழும், அதற்கு நான் காரணமாக இருக்கலாமா என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயத்துக்குக் கருணை வேஷம் போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

ஏழாவது வாரம் டயர் கடைக்காரர் ஸ்டோருக்கு வந்தார். அணிவகுப்பு உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருந்ததாம். அப்படி ஒரு கடிதத்தை யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்க ஒரு ஆள்கூடவா அந்த அலுவலகத்தில் இல்லை? துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். தராசு பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். தொப்பி ஒன்று, பெல்ட் ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி.

"அன்னிக்கு அவ வச்சிருந்த சில்லறைச் சாமான் ஏதாவது இங்க இருக்குதா சார்?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க" என்றார் தராசு.

அவர் சரி என்று தலையாட்டினார். போகிறவர் வாசலில் நின்றார். பெண்ணை இதற்கெல்லாம் அனுப்பலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பதையும், பயந்து தானே கெடுத்துக்கொண்டாள் என்று பேசிக்கொள்வதையும் தணிந்த குரலில் சொன்னார். அவருடைய மனைவி அந்த அறிக்கையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம்.

"அவ பதட்டப்படற பொண்ணு இல்ல சார். எனக்குத் தெரியும். ஆனா கையெழுத்துப் போட்ட காகிதம் வேற மாதிரி சொல்லுது. காகிதத்த எதுத்து நான் என்ன பேசறது?"

அன்று மாலை தராசு வீட்டுக்குப் போனபோது கூடத்தின் நடுவில் அந்தப் பை கிடந்தது. பரணைச் சுத்தம் பண்ணிய வீட்டுக்காரம்மாவின் கையில் அகப்பட்டிருந்தது. தான் தைத்த நம்பர் அவளுக்குத் தெரியாதா? கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"ஏழு வாரமா இதுக்குக் கீழ படுத்துத் தூங்கியிருக்கோம். எழுந்திருங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் என்கிட்ட எதுவும் பேசாதீங்க."

டயர் கடை மூடவில்லை. ஒரு சக்கரம் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் அவரைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தராசு உட்காரவில்லை. பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து வாயைப் பிரித்தார். கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழைய சக்கரங்களிலிருந்து நெம்பி எடுத்துப் போடுகிற துண்டு. நெம்பிய தடம் அதில் இருந்தது.

"இது என் கடைச் சாமான்" என்றார்.

தராசு நின்றபடியே சொன்னார். தட்டு, கைதட்டல், ஆறு பாக்கெட், அவள் கேட்டது, தான் எழுதியது, எடுக்காதே என்று சொன்னது, பையைக் கொடுத்தது. எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு கடைக்காரர் அடிப்பார் என்று தராசு எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

"அவ எவ்வளவு இருந்தா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாப்பத்தஞ்சு."

"பொறந்தப்ப ரெண்டு எழுநூறு." கையிலிருந்த ஈயத்தைக் கல்லாமேல் வைத்தார். "அன்னிக்கும் ஒருத்தர் எடை போட்டு, எழுதிக் குடுத்தாங்க."

கடைக்காரர் கல்லாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"வேலிக்கு எதுக்கு வந்தேனோ" என்றார் தனக்குள். பிறகு, "எழுதுங்க" என்றார்.

தராசு எழுதினார். மாணவியின் உண்மையான எடை நாற்பத்தைந்து கிலோ. பாக்கெட்டில் ஈயம் இருப்பது தெரிந்தே 52.2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏறும் முன் அது வெளியே எடுக்கப்பட்டது. கிளைடர் மூக்கைத் தூக்கியதற்கு எடைக் குறைவே காரணம். அந்தத் தாளால் பின்னால் அவருக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. இப்போது அவர் எடைபோடும் வேலை எதுவும் செய்வதில்லை.

அன்றைக்கு எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கடைக்காரர் வாங்கவில்லை. கண் தெரியவில்லை, படிங்க என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. தராசு படித்தார். கடைசி வரியையும் நிறுத்தாமல் படித்தார்.

"மாணவி எந்தத் தவறும் செய்யவில்லை. கடைசி வரை சரியாகத்தான் ஓட்டினாள்."

"அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க சார்."

தராசு இன்னொரு தடவை படித்தார்.